77 டாலர் அபராதமும் ஒரு நீதிபதியும்

வேகமாகக் கார் ஓட்டியதற்காக முதன்முதலில் தண்டிக்கப்பட்டவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் வால்டர் ஆர்னால்ட். 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நடந்த கதை அது. ஊருக்குள் மணிக்கு 2 மைல் வேகத்தில்தான் போகலாம் என்று அப்போது சட்டம். அதாவது நடந்து போகிறவனே முந்திவிடுவான்! ஆர்னால்ட் போனது 8 மைல் வேகத்தில். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் போய்ப் பிடித்தார். வேகத்துக்கு 1 ஷில்லிங் அபராதம், மேலே கோர்ட் செலவு. ஆர்னால்ட் பென்ஸ் கார் விற்கிற வியாபாரி என்பதால் அந்த 1 ஷில்லிங்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. அதே வருட நவம்பரில் புதுச் சட்டம் வந்து வேக வரம்பு 14 மைலானது.

அபராதச் சீட்டு கைக்கு வந்தால் என்ன செய்வது? கட்டலாம், கோர்ட்டில் வாதாடலாம். கேமரா வந்த பிறகு மூன்றாவதாக ஒரு வழியும் முளைத்தது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், சீட்டு வண்டியின் சொந்தக்காரருக்குப் போகும். "ஓட்டியது நானில்லை, இன்னார்" என்று அவர் எழுதிக் கொடுத்தால் வழக்கு அந்த இன்னாருக்கு மாறிவிடும். நேர்மையானவர்களுக்காக வைத்த கதவுதான் இது. ஆனால் அதில் நுழைந்தவர்களில் ஒருவர் நீதிபதி என்பதுதான் விசேஷம்.

மார்கஸ் ஐன்ஃபெல்ட் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் கோர்ட்டில் 1986 முதல் 2001 வரை நீதிபதி. அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டின் 'வாழும் பொக்கிஷங்கள்' பட்டியலில்கூட அவர் பெயர் இருந்தது. 2006 ஜனவரியில் சிட்னியில் 50 கி.மீ. வரம்புள்ள சாலையில் அவருடைய கார் 60-ல் போனதைக் கேமரா பிடித்துவிட்டது. அபராதம் 77 டாலர். அவர் நிலையில் இருப்பவருக்கு அது ஒரு இரவுச் சாப்பாட்டுக் காசு.

அவர் கட்டவில்லை. அன்று காரை அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தோழி, பேராசிரியை தெரசா பிரென்னனுக்குக் கொடுத்திருந்ததாக எழுதிக் கொடுத்தார். ஆகஸ்டில் கோர்ட்டில் சத்தியம் செய்து அதையே சொன்னார். முன்னாள் நீதிபதி சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? வழக்குத் தள்ளுபடி.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சிட்னி பத்திரிகை ஒன்றின் செய்தியாளர் அந்தப் பேராசிரியை யார் என்று தேடிப் பார்த்தார். அவர் 2003-லேயே இறந்து போயிருந்தார்! அதுவும் ஃப்ளோரிடாவில் கார் மோதி.

இந்த இடத்திலாவது "தவறு செய்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவமானத்தோடு போயிருக்கலாம். சட்டம் படித்த மூளை வேறு வழியில் ஓடியது. தான் சொன்னது அதே பெயருள்ள வேறொரு பெண்மணியை என்றார். தான் அன்று ஓட்டியது தன் தாயாரின் காரை என்றும் சொல்லிப் பார்த்தார். போலீஸ் அந்தத் தாயார் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தது. அந்தக் கார் வெளியே போகவே இல்லை. மாட்டிவிட்டதும் ஒரு கேமரா, பொய்யை உடைத்ததும் ஒரு கேமரா.

2008 அக்டோபரில் பொய்ச்சாட்சி சொன்னதையும் நீதியின் போக்கைத் திருப்ப முயன்றதையும் ஒப்புக்கொண்டார். 2009 மார்ச்சில் தீர்ப்பு: 3 ஆண்டு சிறை, குறைந்தது 2 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 70. வக்கீல் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டது.

தண்டனை அதிகமோ என்று தோன்றலாம். ஆனால் வேகமாகப் போனதற்காக அவர் சிறை போகவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்பவர் உண்மை சொல்வார் என்று நம்பித்தான் அவரே அத்தனை வருடம் தீர்ப்பு எழுதியிருப்பார். அந்த நம்பிக்கையை உள்ளேயிருந்தவரே உடைத்தால் எந்தக் கோர்ட்டும் சும்மா விடாது.

பிரிட்டனில் கிறிஸ் ஹியூன் கதையும் இதே ரகம். 2003-ல் அவர் கார் வேகமாகப் போய் மாட்டியது. லைசென்ஸ் போய்விடும் நிலை. மனைவி விக்கி பிரைஸ், தானே ஓட்டியதாக அந்தப் புள்ளிகளை ஏற்றுக்கொண்டார். பின்னால் ஹியூன் அமைச்சரானார், மணவாழ்க்கை முறிந்தது, கோபத்தில் விக்கி பத்திரிகையிடம் விஷயத்தைச் சொன்னார். வழக்கு வந்ததும் 2012-ல் ஹியூனின் பதவி போனது. கணவர் கட்டாயப்படுத்தியதால்தான் செய்தேன் என்று ஒரு பழைய சட்டச் சலுகையைப் பிடித்து வாதாடினார் விக்கி, பலிக்கவில்லை. 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா 8 மாதம் சிறை. அந்தப் பழைய சலுகையையே அடுத்த வருடம் பாராளுமன்றம் ஒழித்துவிட்டது.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய லைசென்ஸ் என்ன ஆனது தெரியுமா? அதே 2003-லேயே, கார் ஓட்டிக்கொண்டு செல்போனில் பேசியதற்காக ஹியூனிடமிருந்து அது பறிக்கப்பட்டது.