காட்டெலியும் லாலான் புல்லும்

காட்டெலி (ராட்டஸ் டியோமானிகஸ்), லாலான் (இம்பெராட்டா சிலிண்ட்ரிகா) ஆகியவை மலேசியாவில் கலும்பாங் முதல் கோல சிலாங்கூர் வரையுள்ள செம்பனைத் தோட்டங்களில் பெரும் சேதம் விளைவிக்கும் இரு காட்டுயிர்கள். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் உருவானது. ஒரே நிலத்தில் லாலான் மறுநடவுக் காலத்திலும், எலி கன்றுப் பருவம் முதல் காய்க்கும் பருவம் வரையும் தலைதூக்குகின்றன.

இயல்பு

காட்டெலியை மலாய்க்காரர்கள் திக்குஸ் பெலுக்கார் என்பர். அதன் அடிவயிறு வெண்மையானது; அது மரமேறுவதில் வல்லது. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களில் நெல்லைத் தின்பது வேறோர் இனமான வயலெலி. லாலான், தமிழில் தருப்பை என வழங்கும் புற்களுள் ஒன்று. அதன் எடையில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டாக இருக்கிறது.

பெருக்கம்

எலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம். முதிர்ந்த தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் பெருகக்கூடும். லாலான் காற்றில் பறக்கும் விதையாலும், துண்டிக்கப்பட்ட கிழங்குத்தண்டாலும் பரவும். தீ வைத்தால் இலை மட்டுமே கருகும். தண்டு மீண்டும் தளிர்க்கும்.

சேதம்

லாலானுக்கு வெயில் வேண்டும். மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்த திறந்த நிலத்தில் இளங்கன்றுகளின் நீரையும் உரத்தையும் அது பறிக்கிறது. எலி இளங்கன்றின் குருத்தைக் கடிக்கும். மரம் காய்த்தபின் குலையிலுள்ள பழச்சதையைக் கொறிக்கும். மகரந்தச் சேர்க்கைக்காக 1981இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டின் புழுக்களையும் ஆண் பூங்கொத்தில் தேடித் தின்னும்.

கட்டுப்பாடு

லாலானை ஒடுக்க பியுரேரியா போன்ற கொடிப்பயறுகளை மூடுபயிராக விதைக்கிறார்கள். செம்பனை ஓலைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் கட்டியதும் புல் நலிகிறது. ஆனால், புல்லை அடக்கும் அடர்ந்த கொடியே எலிக்கு மறைவிடமாகிறது. ஆகவே கன்றைச் சுற்றி வட்டமாகத் துப்புரவு செய்வது அவசியம்.

எலிகளுக்கு வைத்த வார்ஃபரின் நஞ்சு நாளடைவில் பல தோட்டங்களில் பலிக்காமல் போனது. அடுத்து வந்த பிரோடிஃபாகோம் போன்ற கடும் நஞ்சுகள், அவற்றைத் தின்ற எலியை உண்ணும் கூகைகளையும் கொல்கின்றன. தீபகற்ப மலேசியாவில் 1960களின் இறுதியிலிருந்து பெருகிய கூகைகளுக்குத் தோட்டங்களில் கூட்டுப்பெட்டிகள் வைக்கப்படுகின்றன. குஞ்சு வளர்க்கும் ஒரு சோடி ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் எலிகளைப் பிடிக்கும்.

மதிப்பீடு

புல்லை நிழலும் எலியைக் கூகையும் அடக்குகின்றன. களைக்கொல்லி, எலிநஞ்சு ஆகிய மருந்துகளை மட்டுமே நம்பும் தோட்டத்தில் அவற்றின் கேட்டை முதலில் சுமப்பவர்கள், மருந்துத் தோம்பைத் தோளில் ஏற்றும் தொழிலாளர்கள். அவர்களில் பெண்கள் பலர். நஞ்சைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நிலத்துக்கும் உழைப்பவர்க்கும் நல்லது.