திரையும் வகுப்பும்

காத்தோங் வட்டாரத்துச் சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயம் இலங்கைத் தமிழர் பேணிவருவது. அவர்தம் தாயகத்தில் உயர்கல்வி தொடங்கிய வரலாறு இன்றைய கலப்புமுறைக் கல்விக்கு ஒரு முன்னோடி எனலாம். 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. மாணவர் பாடம் கேட்டது கொழும்பில். தேர்வும் பட்டமும் இலண்டனுடையவை. 1858 முதலே வெளிநாட்டு மாணவர்க்கும் இலண்டன் பல்கலைக்கழகம் இவ்வழியைத் திறந்திருந்தது. கொழும்பில் 1942 வரை இம்முறை நீடித்தது. பட்டம் கடல் கடந்து வந்தது. ஆசிரியரோ எதிரிலேயே நின்றார்.

2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், சிங்கப்பூரில் இது தலைகீழாயிற்று. பல்கலைக்கழகம் உள்ளூரிலேயே இருக்க, ஆசிரியர் திரைக்குள் சென்றார். நோய் தணிந்த பின்னும் திரை முற்றும் அகலவில்லை. வகுப்பும் திரையும் கலந்த இம்முறையைப் பற்றி மாணவர் கருத்து ஒன்றாக இல்லை. பகலில் பணிபுரிந்து மாலையில் தமிழ்ப் பட்டம் பயில்வோர்க்குப் பதிவுசெய்த விரிவுரை பெருந்துணை. தவறியதை நள்ளிரவிலும் கேட்கலாம். ஆனால் ஐயம் எழுந்த இடத்திலேயே வினவ இயலாதே என்பது அவர்கள் குறை. இக்குறை யாப்பு வகுப்பில் மிகுதி. அசை பிரிக்கையில் மாணவர் தடுமாறும் இடத்தை முகமன்றோ காட்டும்! படக்கருவியை அணைத்துவிட்டு அமர்ந்திருப்பவரிடம் ஆசிரியர் எதைக் காண்பார்? ழகரத்தையோ, ஒலிவாங்கி சில வேளை விழுங்கியே விடுகிறது.