பழைய எஸ்யூவி-யை வாங்கி 'லிஃப்ட்' பண்ணலாமா? சட்டம் சொல்வது என்ன, வண்டிக்கு நடப்பது என்ன?

யூஸ்டு கார் சந்தையில் பெரிய எஸ்யூவி-களுக்கு எப்போதுமே ஒரு தனி மவுசு உண்டு. அதிலும் சென்னை மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டேவருக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு, இந்த வண்டி கிடைப்பது செகண்ட் ஹேண்டில் மட்டும்தான். வாங்கியவுடன் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இதை இன்னும் ரெண்டு இன்ச் தூக்கிட்டா எப்படி இருக்கும்?" என்பதுதான். பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால் அதோடு முடிந்துவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

'லிஃப்ட்' என்றால் என்ன?

வண்டியின் உயரத்தைக் கூட்டுவதுதான் லிஃப்ட். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. சஸ்பென்ஷன் லிஃப்ட்: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரை உயரமானதாக மாற்றுவது, அல்லது ஸ்பிரிங் மேல் 'ஸ்பேஸர்' எனும் துண்டை வைப்பது. ஸ்பேஸர் செலவு குறைவு, பிரச்சனை அதிகம்.

2. பாடி லிஃப்ட்: சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகளை வைத்துத் தூக்குவது. இதில் பாடி மட்டும்தான் உயரும். சேஸி பழைய உயரத்திலேயே இருக்கும்.

3. பெரிய டயர்: வண்டியோடு வந்ததைவிட உயரமான டயரைப் போடுவது.

உண்மையில் எவ்வளவு உயரும்?

எண்டேவரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 225 மி.மீ. பின்பக்கம் இருப்பது ஒரே தண்டாக வரும் ஆக்ஸில். சஸ்பென்ஷனை 50 மி.மீ. தூக்கினால் பாடியும் சேஸியும் உயரும். ஆனால் பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மி.மீ. கூட உயராது. காட்டுப் பாதையில் பாறை தட்டுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதை உயர்த்த பெரிய டயர் மட்டுமே வழி.

சரி, டயரை மாற்றலாமா? 265/60 ஆர்18 அளவு டயரின் மொத்த உயரம் சுமார் 775 மி.மீ. அதற்குப் பதில் 265/65 ஆர்18 போட்டால் சுமார் 802 மி.மீ. வித்தியாசம் 27 மி.மீ. அதில் பாதி, அதாவது 13 மி.மீ. மட்டுமே கிளியரன்ஸாகக் கிடைக்கும். கூடவே ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். முன்பு மீட்டரில் 100 காட்டிய வேகம், இப்போது ஏறக்குறைய 103.

வண்டிக்கு என்ன ஆகும்?

* இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகும். திடீரென ஸ்டீயரிங்கை ஒடித்தால் கவிழும் வாய்ப்பு கூடும்.

* வீல் அலைன்மென்ட் மாறும். டயர் ஒருபக்கமாகத் தேயும். ஸ்டீயரிங் இழுக்கும்.

* ஃபோர் வீல் டிரைவ் மாடலில் முன் சக்கர டிரைவ் ஷாஃப்ட் சாய்வாக வேலை செய்யும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறும். ஜாயின்ட் சீக்கிரம் போகும்.

* பிரேக் ஹோஸ் இழுபடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

* வண்டி சறுக்காமல் காக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு, கம்பெனி கொடுத்த உயரத்துக்கும் டயருக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது. அதன் கணக்கும் தவறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஆர்.சி.-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றுவது போன்ற சின்னச் சின்ன மாற்றங்களை மட்டும் நீதிமன்றம் தனியாகப் பார்த்தது. அப்போதும் புதிய நிறத்தை ஆர்.சி.-யில் பதிய வேண்டும்.

2019 திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். முன்பக்கம் மாட்டும் 'புல் பார்' கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதை அந்தக் கம்பி கெடுக்கலாம். மோதும் பாதசாரிக்கும் ஆபத்து.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்தின்போது சொந்த வண்டி சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பழைய ஓனர் செய்த லிஃப்டாக இருந்தாலும், வண்டி உங்கள் பெயருக்கு வந்த பிறகு கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஏற்கெனவே தூக்கிய வண்டியை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவும், வண்டியில் மாட்டியிருக்கும் அளவும் ஒன்றா?

* ஸ்பிரிங் மேல் ஸ்பேஸர் இருக்கிறதா? சேஸியில் புது வெல்டிங் தெரிகிறதா?

* நான்கு டயரும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா?

* கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் கிடைக்குமா? கிடைத்தால் பழைய நிலைக்கு மாற்றும் செலவு குறையும்.

* வண்டியைத் தூக்கி நிறுத்தி, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போ என்னதான் செய்யலாம்?

பல ஆண்டுகள் ஓடிய எஸ்யூவி-யில் ஸ்பிரிங்கும் ரப்பர் புஷ்ஷும் தளர்ந்து, வண்டி தானாகவே தாழ்ந்திருக்கும். 'லிஃப்ட் வேணும்' என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங், புஷ், ஷாக் அப்சார்பர்தான். அவற்றை மாற்றினாலே இழந்த உயரம் திரும்பும். அதே அளவில் கரடுமுரடான பாதைக்கான ஆல் டெரெய்ன் டயர் போட்டால் பிடிப்பும் கூடும். எண்டேவர் 800 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என ஃபோர்டு சொன்னது, கம்பெனியிலிருந்து வந்த அதே உயரத்தில்தான்.