அயலார்க்கெனத் தொகுத்த இசை: பத்மநாபபுரத்திலிருந்து ஒரு பார்வை

1963 ஜூனில் ஜப்பானியப் பாடகர் க்யூ சகாமோட்டோ தம் தாய்மொழியிலேயே பாடிய ஒரு பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கேபிடல் நிறுவனம் அவருடைய பிற பாடல்களையும் சேர்த்து, 'சுகியாகி அண்ட் அதர் ஜப்பானீஸ் ஹிட்ஸ்' என்ற தொகுப்பை அதே ஆண்டில் வெளியிட்டது. அமெரிக்காவில் அந்தப் பாடலுக்கு இட்ட பெயரான சுகியாகி ஓர் இறைச்சி உணவு. பாடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பாடலை எழுதிய ரொகுசுகே எய்யின் மனத்தில் இருந்தது, 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோற்ற போராட்டத்தின் சோர்வு. அது தெரியாமலே அமெரிக்கர்கள் அந்தப் பாடலைக் கொண்டாடினார்கள். ஓர் இசை தன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது எதைக் கொண்டுபோகிறது, எதை விட்டுச்செல்கிறது என்ற கேள்வியைத் தமிழிசைக்கும் கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேள்விக்குக் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் பொருத்தமான இடம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இவ்வூரிலிருந்து சரஸ்வதி இன்றும் நவராத்திரிதோறும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்கிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் அவள் முன்னிலையில் ஒன்பது நாள் கச்சேரி. நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன், சிவராத்திரியில் பக்தர்கள் ஓடி வணங்கும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களுள் ஒன்றான, பத்மநாபபுரத்துக் கல்குளம் கோயிலின் நீலகண்டசுவாமியிடம் பக்தி கொண்டு தமிழில் பாடினார். அவர் 1900இல் மறைந்தார். ஆனால் திருவனந்தபுரத்துப் பஜனை கோஷ்டிகளில் அவர் பாடல்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. அங்கே வளர்ந்த இளைஞர் ஒருவர் அவற்றைக் கேட்டு ஊறினார். பின்னாளில் பாபநாசம் சிவன் என்று தமிழ்நாடு முழுதும் அறிந்தவர் அவர்தான். பாபநாசம் சிவனின் வழியே அந்தப் பஜனை மரபு கச்சேரி மேடைக்கும் திரைப்படத்துக்கும் இசைத்தட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

இசைத்தட்டு அயல்நாட்டுக் கேட்பாளரை நினைத்துத் தயாரிக்கப்படும் காலம் இதற்குப் பின்னர்தான் வந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்த கிராமபோன் கம்பெனி, தட்டுகளை ஜெர்மனியின் ஹனோவரில் அச்சிட்டபோதும் விற்பனை இந்தியாவை நம்பித்தான் இருந்தது. 1955இல் அலி அக்பர் கான் வாசித்த இரண்டு ராகங்களை யெஹூதி மெனுஹினின் அறிமுக உரையோடு ஏஞ்சல் நிறுவனம் வெளியிட்டது. அந்த நீளத்தட்டுதான் திருப்பம். தென்னிந்திய இசை தொடர்ந்து சென்றது. லாஸ் ஏஞ்சலீசின் வேர்ல்டு பசிபிக் நிறுவனம் எஸ். பாலசந்தரின் வீணையையும், பிறகு எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலையும் வெளியிட்டது.

எம்.எஸ். 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பாடினார். காஞ்சிப் பெரியவர் இயற்றிய சமஸ்கிருதப் பாடலோடு, ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பிரார்த்தனையையும் பாடினார். யாருக்காகப் பாடுகிறோம் என்பதை எண்ணியே அந்தத் தேர்வு நடந்திருக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. உலக மன்றத்தில் ஒரு பெண் பாடிய பிறகும், பத்மநாபபுரத்துச் சரஸ்வதி கொலுவிருக்கும் மண்டபத்தில் ஒரு பெண் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாறசாலை பொன்னம்மாள் அவ்வாண்டு பாடினார். கலைமகளின் சன்னிதியில் அது நெடுங்காலம் நீடித்த அநீதி.

இவ்வகை வெளியீடுகளில் நான் உயர்வாக மதிப்பது நான்சச் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் இசைத்தட்டு வரிசையை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த இராமநாதபுரம் கிருஷ்ணன், வயலினில் வி. தியாகராஜனும் மிருதங்கத்தில் டி. ரங்கநாதனும் உடனிருக்க, அவ்வரிசைக்காகப் பாடினார். வெளிநாட்டாருக்காக அவர் தம் பாட்டைச் சுருக்கவில்லை, எளிமைப்படுத்தவும் இல்லை. அப்பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடந்திருந்ததால், கேட்கத் தெரிந்த சிறு கூட்டம் ஒன்று அங்கே ஏற்கெனவே உருவாகியிருந்தது.

திரையிசை வேறு வாசல் வழியாக நுழைந்தது. 1992இல் டேவிட் பைர்னின் லுவாக்கா பாப் நிறுவனம் கன்னடப் பட இசையமைப்பாளர் விஜய ஆனந்தின் பாடல்களைத் தொகுத்தது. பின்னர் இளையராஜாவின் இசைத்துணுக்குகளை அமெரிக்கக் குழுவான பிளாக் ஐடு பீஸும், ஈழத் தமிழ் வேர் கொண்ட எம்.ஐ.ஏ.வும் தங்கள் பாடல்களில் எடுத்தாண்டனர். டி.ஜே.க்களும் பழைய தட்டுகளைத் தேடுவோரும் வளர்த்த இந்த ஆர்வத்தின் தொடர்ச்சியாகத்தான் பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'சொல்லச் சொல்ல' என்ற இளையராஜா பாடல் தொகுப்பைப் பார்க்க வேண்டும். 1977 முதல் 1983 வரையிலான மின்னணு பாப் என்று அதன் துணைத்தலைப்பே எல்லை வகுத்துவிடுகிறது. 1976இல் வந்த 'அன்னக்கிளி'யின் நாட்டுப்புற மெட்டுகளுக்கு அந்த எல்லைக்குள் இடமில்லை. தொகுத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் காதுக்குப் பிடித்ததை அன்போடு எடுத்தார்கள். ஆனால் அது மட்டுமே இளையராஜா என்று ஓர் அயல்நாட்டுக்காரர் எண்ணிவிட்டால், இழப்பு நமக்கும் அவருக்கும்தான்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இனி நாமும் ஏற்க வேண்டும். முகாரியில் அமைந்த 'என்றைக்கு சிவகிருபை' போன்ற நீலகண்ட சிவன் பாடல்களின் நல்ல பதிவுகளைத் திரட்டி, தமிழ் மூலம், பொருள், கல்குளம் கோயிலின் பின்னணி, பாபநாசம் சிவன் வரை நீளும் தொடர்பு ஆகியவற்றோடு வெளிநாட்டார் படித்துக் கேட்கும்படி ஒரு தொகுப்பை வெளியிடலாம். குமரி மாவட்டத்துக் கல்லூரிகளும் தமிழிசை அமைப்புகளும் அதை முன்னெடுக்க வேண்டும். அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குங்கள்.