புதையுண்ட சேற்றின் வரலாறு



எங்கள் பண்ருட்டி களிமண் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பச்சை மண்ணால் செய்த பொம்மையை நீரில் இட்டால் அது மீண்டும் சேறாகிவிடும். சூளையில் சுட்டெடுத்த பொம்மையை நீர் கரைப்பதில்லை. உருவம் ஒன்றே; உள்ளிருக்கும் பொருள்தான் மாறிவிட்டது. இதைப் போன்றதொரு மாற்றத்தைச் சூளையும் நெருப்பும் இன்றி நிலமும் செய்கின்றது.

நம் மாவட்டத்தின் வரலாற்றைப் பாருங்கள். இங்குள்ள செம்மணற்பாறைகளை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியல் அறிஞரின் நூல் 1862-இல் வெளிவந்தது. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1964-இல் காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிடும் பணி தொடங்கியது. பின்னாளில் புவனகிரியில் எண்ணெய் கிடைத்தது. ஒரே மாவட்டத்தில் ஓரிடத்தில் கரி, மற்றோரிடத்தில் எண்ணெய்! இஃது எவ்வாறு நேர்ந்தது?

புதைந்த உயிர்ப்பொருள் இரண்டிடத்தும் ஒன்றன்று என்பது உண்மையே. ஆயினும் புதைந்த ஆழமும் ஒரு பெருங்காரணமாகும்.

கடலில் புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் நீரே. முதற்சில மீட்டர்களிலேயே நுண்ணுயிர்கள் தொழிற்படுவதால் இரும்பும் கந்தகமும் கூடிப் பைரைட் என்னும் கனிமம் பிறக்கின்றது. மேலே படிவுகள் குவியக் குவிய, நீர் பிழிந்து வெளியேற, சேறு இறுகிப் பாறையாகின்றது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் கூடுகின்றது. 70 முதல் 150 பாகைக்குள், நீரை உறிஞ்சிப் பருக்கும் ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம், பொட்டாசியத்தை ஏற்று இல்லைட் என்னும் பருக்காத கனிமமாக மாறுகின்றது. அப்பொட்டாசியத்தைப் பெரும்பாலும் கரைகின்ற ஃபெல்ஸ்பார் மணிகள் தருகின்றன. அடுக்கிடை நீர் வெளியேறுகின்றது. விடுபட்ட சிலிக்கா நுண்ணிய குவார்ட்சாகப் படிகின்றது. ஏறத்தாழ இதே வெப்பநிலையில்தான் உயிர்ப்பொருளின் எச்சமும் எண்ணெயாகின்றது. ஆகவே, துளையிட்டு எடுத்த களிப்பாறையில் இல்லைட் எவ்வளவு உள்ளது என்பதைக் கண்டால், அது பட்ட வெப்பத்தை அறிஞர் ஒருவாறு கணிப்பர்.

நெய்வேலிக் கரியோ நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்திலேயே கிடக்கின்றது. கடும் வெப்பத்தைக் காணாமையால் அது இன்னும் ஈரம் மிக்க பழுப்பு நிலக்கரியாகவே உள்ளது. புவனகிரிப் பகுதியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த கடற்சேறோ மிக ஆழத்தில் புதையுண்டது.

கெடிலத்தின் வெள்ளம் இன்றும் வண்டலைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றது. அதுவும் ஒருநாள் பாறையாகலாம். ஆனால் அதைக் காண நாம் இரோம். கோடி ஆண்டுகளில் விளைந்ததை ஒரு தலைமுறையில் எரித்துவிடும் நாம், அதன் வரலாற்றையேனும் கற்றறிதல் கடமையன்றோ?