பாதி விலை பம்பரும் ஒரு பழைய கணக்கும்

பூட்டுக்குப் பேர் போன ஊர்ல பிறந்தவனுக்கு ஒரிஜினல், டூப்ளிகேட் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைச்சது. அதுக்கு ரொம்ப முன்னாடியே, அலிகாரில் இருந்து வந்த மலிவுப் பூட்டு நம்ம ஊர்ப் பட்டறைகளைப் பாதி சாப்பிட்டு முடிச்சிருந்தது. ஆனா இந்தப் பதிவு பூட்டைப் பத்தி இல்லை மக்களே, காரைப் பத்தி.

போன மாசம் வத்தலக்குண்டு ரோட்டுல, செம்பட்டிக்கு இந்தப் பக்கம், அப்பா ஓட்டிட்டு வந்த கார் முன்னாடி ஒரு மாடு குறுக்கே வந்துடுச்சு. மாடு பிழைச்சது, அப்பாவும் பிழைச்சார். பம்பர், பானெட், இடது ஃபெண்டர் மூணும் போச்சு. வண்டிக்கு வயசு ஏழு. டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் சுத்திப் பார்த்துட்டு அப்பாகிட்ட மெதுவா கேட்டார்: "அண்ணே, கம்பெனி சாமான் பில்லு போட்டுக்கலாம், வெளிச்சாமான் மாட்டிக்கலாம். கையில இருந்து ஒத்தப் பைசா வேணாம். செஞ்சிரலாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை. ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது 1939-ல். அதில் இருந்த கட்டாயக் காப்பீட்டுப் பகுதி அமலுக்கு வந்தது 1946 ஜூலையில். கட்டாயம்னா தேர்ட் பார்ட்டி மட்டும்தான், அதாவது நாம இடிச்சவங்களுக்கு. 1988 சட்டமும் அதையே தொடர்ந்தது. நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்குப் போடுறது அன்னிக்கும் இன்னிக்கும் நம்ம விருப்பம். 1968-ல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி ரெண்டு விஷயம் கொண்டு வந்தாங்க. ஒண்ணு, விலையை நிர்ணயிக்க டாரிஃப் அட்வைசரி கமிட்டி. ரெண்டு, லைசென்ஸ் வாங்கின சர்வேயர். அப்புறம் 1973 ஜனவரி 1-ல் 107 கம்பெனிகளை அரசு எடுத்து நாலா சுருக்கிச்சு. அந்த நாலுல ஒண்ணு, சென்னையைத் தலைமையிடமா வச்சிருக்கிற யுனைடெட் இந்தியா.

நாலு கம்பெனியும் ஒரே பாலிசி, ஒரே விலை. போட்டியே கிடையாது. அந்தக் கமிட்டி போட்ட இந்தியன் மோட்டார் டாரிஃப் 2002-ல் புதுப்பிக்கப்பட்டது. விலைக் கட்டுப்பாடு 2007 ஜனவரியில் போயிடுச்சு. ஆனா பாலிசி வாசகமும் தேய்மானப் பட்டியலும் அங்கே இருந்து வந்ததுதான், இன்னிக்கும் நம்ம பாலிசியில் இருக்கு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக்னா பாதி வெட்டு. ஃபைபர் கிளாஸ் 30 சதவீதம். கண்ணாடிக்கு வெட்டே இல்லை. இரும்புச் சாமானுக்கு வண்டி வயசைப் பொறுத்து: ஆறு மாசத்துக்குள்ளன்னா பூஜ்யம், அஞ்சுல இருந்து பத்து வருஷம்னா 40, பத்தைத் தாண்டினா 50.

ஏன் இந்த வெட்டு? காப்பீடுன்னா இழப்பை ஈடு கட்டறது, லாபம் குடுக்கறது இல்லை. ஏழு வருஷப் பானெட்டுக்குப் பதிலா புத்தம் புது பானெட் கிடைச்சா விபத்துக்கு முன்னாடி இருந்ததை விட நாம மேல போயிடறோம். அந்த மிச்சத்தை நீயே குடுன்னு சொல்றாங்க. நியாயம்தான். ஆனா அந்த மிச்சத்தை எங்கே இருந்து எடுக்கறதுங்கற கேள்வியில்தான் வெளிச்சாமான் உள்ளே வருது.

எங்க வண்டிக் கணக்கைச் சுலபமா ஆக்கிச் சொல்றேன் (லேபர், பெயிண்ட், ஜிஎஸ்டி சேர்க்கலை). கம்பெனி பம்பர் 4,000, பானெட் 7,500, ஃபெண்டர் 2,500. மொத்தம் 14,000. வெட்டு போக 2,000 + 4,500 + 1,500 = 8,000. கட்டாயப் பிடித்தம் 1,000 போனா கையில வர்றது 7,000. நாம போடறது 7,000.

வெளிச்சாமான் பாதி விலை, 7,000-னு வைங்க. நேர்மையா அந்த பில்லையே குடுத்தா வெட்டு போக 4,000, பிடித்தம் போக 3,000. நாம போடறது 4,000. ஆக நேர்மையா இருந்தாலே மூவாயிரம் மிச்சம்.

மூணாவது வழி பட்டறைக்காரர் சொன்னது. 14,000-க்கு பில், 7,000-க்குச் சாமான். வர்ற 7,000-ல் மொத்தமும் முடிஞ்சது. கணக்கு அவ்வளவு அழகா உக்காருது, அதான் ஆபத்தே. அதுக்குப் பேர் ஏமாத்து. 2024 ஜூலை வரைக்கும் ஐபிசி 420, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. நம்பர் மாறினாலும் நம்ம ஊர்ப் பேச்சுல ஃபோர் ட்வென்டிதான் :-)

அப்ப வெளிச்சாமானே தப்பா? இல்லைங்க. அமெரிக்காவில் இந்தச் சண்டை பெரிசா நடந்தது. ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி, வண்டிக் கம்பெனி தயாரிக்காத பாகங்களை வச்சு க்ளெய்ம் முடிச்சதுன்னு வாடிக்கையாளர்கள் இல்லினாய்ஸ்ல வழக்குப் போட்டாங்க. 1999-ல் நூறு கோடி டாலருக்கு மேல தீர்ப்பு வந்தது. 2005-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. கவனிங்க, அங்கே மலிவுச் சாமானைத் திணிச்சது காப்பீட்டுக் கம்பெனி. இங்கே அதைத் தேடிப் போறது நாம. வெட்டு நம்ம தலையில விழறதால வந்த வித்தியாசம் இது.

இந்தியாவில் சண்டை வேற மாதிரி. சாமானையே வெளியே விற்க மாட்டேங்கறாங்கன்னு 2011-ல் காம்பெடிஷன் கமிஷனுக்குப் புகார் போச்சு. 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம். கமிஷன் கண்டுபிடிச்சதுல முக்கியமானது ஒண்ணு: கார் கம்பெனிக்குச் சாமான் செஞ்சு குடுக்கிற சப்ளையர்கள் அதே சாமானை வெளிச்சந்தையில நேரடியா விற்க முடியாதபடி கட்டி வச்சிருந்தாங்க. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடும் போனாங்க, அது தனிக்கதை.

நமக்கு இது புரியறது சுலபம். லூகாஸ்-டிவிஎஸ்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும் 1960-களின் தொடக்கத்துல இருந்து சென்னை பாடியில் சாமான் செய்யறாங்க. பல கார் கம்பெனிகளுக்கும் போகுது, கடைக்கும் வருது. அப்ப "வெளிச்சாமான்" ஒரே ஜாதி இல்லை, மூணு. சப்ளையர் தன் பேரிலேயே விற்கறது. வேற கம்பெனி தன் பேர் போட்டுச் செய்யறது. கார் கம்பெனி பேரைத் திருடி அட்டைப்பெட்டியில அச்சடிச்சது. முதல் ரெண்டும் நம்ம விருப்பம். மூணாவதுதான் டூப்ளிகேட். "லோக்கல்"னு ஒரே வார்த்தையில மூணையும் சொல்லிச் சொல்லியே நாம ஏமாந்துட்டோம்.

2009-க்குப் பிறகு கூடுதல் பிரீமியம் கட்டி வெட்டே இல்லாம வாங்கற வசதியும் வந்துடுச்சு. ஆனா வண்டி பழசாக ஆக அதைத் தர யோசிப்பாங்க. எங்க வண்டிக்கு இல்லை.

மறுநாள் காலையில அப்பாகிட்ட மூணு கணக்கையும் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தார். "நாலாயிரம் போனா போகுதுடா. பொய் பில்லுல என் கையெழுத்து வேணாம். இன்னொரு தடவை நிஜமா இடிச்சா என்னை எவன் நம்புவான்?" அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு முகம் சுருங்கிச்சு, ஆனா வேலையைச் சுத்தமா செஞ்சார்.

வெளிச்சாமான்தான் மாட்டினோம், சர்வேயர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, அதே பில்லோட. பானெட் லாக் மட்டும் கம்பெனிது. ஓடும்போது பானெட் எந்திரிச்சு கண்ணாடியில அடிக்கக் கூடாதுல்ல. ஃபெண்டர்ல ஒரு ஓரம் கொஞ்சம் இடைவெளி தெரியுது. எங்களைத் தவிர யாரும் கவனிக்கறதில்லை.

பூட்டு விஷயத்துல இந்த ஊர் லேட்டாத்தான் கத்துக்கிச்சு. எங்கே செஞ்சதுன்னு நேரா சொல்லி வித்தா மலிவுப் பூட்டு தப்பில்லை. திண்டுக்கல்னு பேர் குத்தி வித்தாத்தான் தப்பு. பம்பருக்கும் அதே நியாயம்தான்.

உங்க ஊர்ப் பட்டறையில என்ன சொன்னாங்க, நீங்க என்ன செஞ்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போடாமலும் சொல்லலாம் :-)