பழவேற்காடும் பறவை வேட்டைத் துப்பாக்கியின் பின்னுதைப்பும்

துப்பாக்கி சுடப்படும்போது குண்டு முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னோக்கி வந்து சுடுபவரின் தோளில் மோதுகிறது. இம்மோதலே பின்னுதைப்பு எனப்படுகிறது. பறவை வேட்டைக்கெனப் பெருகிய சிதறு துப்பாக்கியின் எடையையும் தோட்டாவின் அளவையும் வரையறுத்ததில் பின்னுதைப்புக்குப் பெரும் பங்குண்டு. ஒருவர் ஒரே வேட்டில் எவ்வளவு ரவையைச் செலுத்தலாம் என்பதற்கு அவரது தோளின் தாங்குதிறனே எல்லையாக இருந்தது. அவ்வெல்லை கடக்கப்பட்ட பின் பறவைகளைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலுள்ள பழவேற்காடு, முன்பு வெடிமருந்து செய்த ஊராகவும் இன்று பறவைகள் காப்பிடமாகவும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது.

பழவேற்காட்டின் வெடிமருந்து

டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1620-களில் அங்கு வெடிமருந்து ஆலை இயங்கியது. கீழைத் தீவுகளிலிருந்த டச்சுக் குடியேற்றங்களுக்கும் கப்பல்களுக்கும் இங்கிருந்து மருந்து சென்றது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையான இக்கருமருந்தே 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை உலகெங்கும் துப்பாக்கிகளில் பயன்பட்டது. நரிக்குறவர்கள் பறவை வேட்டைக்குப் பயன்படுத்திய, வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் இவ்வகையதே.

கருமருந்து எரியும்போது பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் வெளியேறும். 12 போர் துப்பாக்கிக்கு ஏறத்தாழ 5 கிராம் கருமருந்து வேண்டும். பின்னர் வந்த புகையிலா மருந்து 1.5 கிராம் அளவே போதும். வெளியேறும் மருந்தின் நிறையும் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளுவதால், கருமருந்தின் உதைப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது.

தோட்டாவும் எடையும்

ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் விட்டம். அது ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆனால் உதைப்பை முதன்மையாக முடிவு செய்வது குழல் விட்டமன்று. ரவையின் நிறை, வேகம், துப்பாக்கியின் எடை ஆகியவையே. உந்த அழிவின்மை விதிப்படி ரவை பெறும் உந்தமும் துப்பாக்கி பெறும் உந்தமும் சமம்.

ரவையின் வேகம் நொடிக்கு 380 மீட்டர் எனக் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்:

32 கிராம் ரவை, 3.2 கிலோ துப்பாக்கி: பின்வேகம் நொடிக்கு 3.8 மீட்டர், ஆற்றல் 23 ஜூல்.
32 கிராம் ரவை, 2.5 கிலோ குட்டைத் துப்பாக்கி: 4.9 மீட்டர், 30 ஜூல்.
24 கிராம் ரவை, 2.5 கிலோ குட்டைத் துப்பாக்கி: 3.6 மீட்டர், 17 ஜூல்.
46 கிராம் ரவை, 2.5 கிலோ குட்டைத் துப்பாக்கி: 7 மீட்டர், 61 ஜூல்.

மருந்து, அடைப்பான் ஆகியவற்றின் நிறை இதில் சேர்க்கப்படவில்லை. எனவே உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகும். இலேசான துப்பாக்கியில் சிறிய தோட்டா இட்டால், கனமான துப்பாக்கியில் நடுத்தரத் தோட்டா இடுவதைவிட உதைப்பு குறைவு. அதே இலேசான துப்பாக்கியில் பெரிய தோட்டா இட்டால் உதைப்பு மூன்றரை மடங்காகிறது. குழல் குட்டையானால் முன்பாரம் குறைவதால் முனை மேலெழும்புவதும் அதிகம். பின்கட்டையில் பொருத்தப்படும் ரப்பர் திண்டு ஆற்றலைக் குறைப்பதில்லை. உதைப்பைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புவதால் வலி குறைகிறது.

தோளிலிருந்து படகுக்கு

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சந்தைக்காக வாத்து வேட்டையாடியோர், படகில் பொருத்திய பெருந்துப்பாக்கிகளைப் பயன்படுத்தினர். அவற்றில் அரைக் கிலோ அளவு ரவை இடப்பட்டது. 450 கிராம் ரவையை 3.2 கிலோ துப்பாக்கியால் அதே வேகத்தில் சுட முடிந்தால், அது நொடிக்கு 53 மீட்டர் வேகத்தில் தோளைத் தாக்கும். துப்பாக்கி, ஆள், படகு மூன்றும் சேர்ந்து 200 கிலோ என்றால் படகு நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்திலேயே பின்வாங்கும். இவ்வாறு தோளின் எல்லை நீங்கியதால் ஒரே வேட்டில் ஒரு கூட்டமே வீழ்ந்தது. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டத்தின்கீழ் 10 போரைவிடப் பெரிய துப்பாக்கிகள் விலக்கப்பட்டன.

பின்வழித் தோட்டா வந்தபின் விரைந்து மீண்டும் மீண்டும் சுடவும் முடிந்தது. 1938 நவம்பர் 12 அன்று, பரத்பூரில் வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

சட்டமும் காப்பிடமும்

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. பிரித்தானியச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக வேடந்தாங்கல் மக்கள் முறையிட, செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் 1798-இல் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர்.

1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதைத் தடை செய்கிறது. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை உரிமங்கள் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டன. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. பூநாரைகளும் வலசை வரும் வாத்துகளும் குளிர்காலத்தில் மீனவர்களின் வலைகளுக்கு அருகிலேயே இரை தேடுகின்றன.